என் லேப்டாப்பில் அழித்தால் பள்ளிக் கணினியில் ஏன் போகிறது? ஒத்திசைவு கிளையன்ட், முதலிலிருந்து

போன வருடம் அரையாண்டுத் தேர்வு நேரத்தில் சித்தியிடமிருந்து போன் வந்தது. அவர் தமிழாசிரியர். "டேய் தம்பி, பழைய வினாத்தாள் ஃபோல்டர் ஸ்கூல் கம்ப்யூட்டர்ல காணோம்டா. நான் அழிச்சது என் லேப்டாப்புல இருந்ததைத்தானே? அங்க இருந்தது எப்படிப் போச்சு?"

லேப்டாப்பில் இடம் நிரம்பிவிட்டது என்று சிவப்புக் கோடு வந்திருக்கிறது. ஸ்கேன் செய்த பழைய வினாத்தாள்கள் மட்டும் 11 ஜிபி இருந்தன. "அதான் சர்வர்ல இருக்கே" என்று நினைத்து, ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து டெலிட் அழுத்திவிட்டார். சர்வரின் 'நீக்கப்பட்டவை' பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் மீட்டுவிட்டோம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் போனிலேயே தெளிவாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தக் கேள்வி சரியான கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால் ஒத்திசைவு கிளையன்ட்டின், அதாவது நம் கணினியில் ஓடிக்கொண்டு கோப்புகளைச் சர்வரோடு ஒத்துப்போக வைக்கும் நிரலின், பாதி விஷயம் புரிந்துவிடும்.

சித்தி பயன்படுத்துவது நெக்ஸ்ட்கிளவுட். கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் எல்லாம் செய்யும் அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. ஒரு வித்தியாசம், சர்வரை நாமே நடத்தலாம். ஃபிராங்க் கார்லிட்செக் என்ற ஜெர்மன் நிரலாளர் 2010இல் ஓன்கிளவுட் என்ற பெயரில் தொடங்கிய திட்டம், 2016 ஜூனில் கிளை பிரிந்து நெக்ஸ்ட்கிளவுட் ஆனது. இரண்டின் டெஸ்க்டாப் கிளையன்ட்டுகளும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி ஓன்கிளவுட் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கிளையன்ட் கிடைக்கிறது.

சரி, கிளையன்ட் என்ன செய்கிறது? உங்கள் கணினியில் ஒரு ஃபோல்டர், சர்வரில் ஒரு ஃபோல்டர். இரண்டும் எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அவ்வளவுதான் அதற்குக் கொடுத்த வேலை. சொல்லும்போது எளிது. செய்ய உட்கார்ந்தால் முதல் அடியிலேயே ஒரு சிக்கல்.

லேப்டாப்பில் 'அலகுத் தேர்வு 3' என்று ஒரு கோப்பு இருக்கிறது. சர்வரில் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. நீங்கள் கிளையன்ட்டாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சித்தி இப்போதுதான் அதைத் தட்டச்சு செய்து சேமித்திருந்தால், மேலே ஏற்ற வேண்டும். அது நேற்றே இரண்டு பக்கமும் இருந்து, இன்று காலை பள்ளிக் கணினியில் யாரோ அழித்திருந்தால், லேப்டாப்பிலும் அழிக்க வேண்டும். ஒரே காட்சி, நேர்மாறான இரண்டு வேலைகள். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் எது சரி என்று தெரியாது.

மளிகைக் கடைப் பற்றுக் கணக்கில் இதே தகராறு வரும். கடைக்காரர் ஒரு தொகை சொல்வார், வீட்டில் ஒரு தொகை சொல்வார்கள். போன மாதம் கணக்கு முடித்தபோது பாக்கி எவ்வளவு என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதிய வரி ஒன்று இருந்தால்தான் பேச்சு முடியும். கிளையன்ட்டும் அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறது. ஒத்திசைக்கும் ஃபோல்டருக்குள்ளேயே, புள்ளியில் தொடங்கும் பெயரோடு மறைந்திருக்கும் சின்ன எஸ்க்யூலைட் தரவுத்தளம் அது. கடைசியாக இரண்டு பக்கமும் ஒத்துப்போனபோது என்னென்ன கோப்புகள் இருந்தன, ஒவ்வொன்றின் அளவு என்ன, எப்போது மாறியது, சர்வர் அதற்கு என்ன அடையாளம் கொடுத்திருந்தது என்று எல்லாம் அதில் இருக்கும்.

இப்போது 'அலகுத் தேர்வு 3' கதைக்குத் திரும்புவோம். நோட்டில் அந்தப் பெயர் இல்லையென்றால், கோப்பு புதிது, மேலே ஏற்று. நோட்டில் இருக்கிறது, ஆனால் சர்வரில் இப்போது இல்லையென்றால், அங்கே அழித்திருக்கிறார்கள், இங்கேயும் அழி. சித்தியின் ஃபோல்டருக்கு நடந்தது இதன் மறுபக்கம். நோட்டில் இருக்கிறது, சர்வரில் இருக்கிறது, லேப்டாப்பில் இல்லை. "இவர் அழித்திருக்கிறார்" என்று கிளையன்ட் முடிவு செய்து, சர்வரில் அழித்தது. பள்ளிக் கணினியில் ஓடும் கிளையன்ட் தன் நோட்டைப் பார்த்தது, சர்வரைப் பார்த்தது, அதுவும் அழித்தது. கிளையன்ட்டின் கண்ணுக்கு, கோப்பைத் திருத்துவது எப்படி ஒரு மாற்றமோ அப்படித்தான் அழிப்பதும். "இடம் வேண்டும் என்பதற்காக அழித்தேன்" என்ற எண்ணம் அதற்குத் தெரிய வழியே இல்லை.

நோட்டு இருப்பது தெரிந்துவிட்டால், வினோதமாகத் தோன்றும் மற்ற சில நடத்தைகளும் புரியும். ஒரு பக்கம் அழித்த கோப்பை மறுபக்கம் யாரோ திருத்தியிருந்தால், கிளையன்ட் திருத்தியதைத்தான் காப்பாற்றும். அழித்த பக்கத்திலும் கோப்பு திரும்ப வந்து நிற்கும். நான்கு ஜிபி ஃபோல்டருக்குப் பெயர் மாற்றினால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும், ஏனென்றால் பழைய கோப்புதான் புதுப் பெயரில் இருக்கிறது என்று நோட்டை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறது; மறுபடி ஏற்றுவதில்லை. அப்புறம், பலரையும் குழப்பும் ஒன்று: ஒரு வருடமாகத் திறக்காத பழைய லேப்டாப்பில் கணக்கை நீக்கிவிட்டு, அதே ஃபோல்டரோடு புதிதாக இணைத்தால், எப்போதோ அழித்த கோப்புகள் எல்லாம் உயிர்த்தெழுந்து எல்லாக் கணினிகளுக்கும் வரும். புது இணைப்புக்கு நோட்டு வெறுமை. வெறும் நோட்டைப் பார்க்கும் கிளையன்ட்டுக்கு, இங்கே இருந்து அங்கே இல்லாதது எல்லாமே புதிதுதான்.

ஐம்பதாயிரம் கோப்பு இருந்தால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையுமா ஒப்பிடும் என்று கேட்கலாம். இல்லை. சர்வர் ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் ஓர் அடையாளச் சரம் வைத்திருக்கிறது, இடேக் என்பார்கள். ஒரு கோப்பு மாறினால் அதன் இடேக் மாறும், அதை வைத்திருக்கும் ஃபோல்டரின் இடேக் மாறும், அதற்கு மேலே உள்ளது மாறும், இப்படி உச்சி வரை போகும். கிளையன்ட் இயல்பாக 30 நொடிக்கு ஒருமுறை உச்சியில் இருக்கும் ஃபோல்டரின் இடேக்கை மட்டும் கேட்கிறது. மாறவில்லையென்றால் பேசாமல் இருந்துவிடும். மாறியிருந்தால், எந்தக் கிளையில் மாறியதோ அதைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கும். உங்கள் கணினிப் பக்கத்தில் நடக்கும் மாற்றத்தை விண்டோஸோ லினக்ஸோ உடனுக்குடன் கிளையன்ட்டுக்குச் சொல்லிவிடும். அப்படியும் ஏதாவது தவறியிருக்கலாம் என்று மணிக்கு ஒருமுறை முழு ஃபோல்டரையும் ஒரு சுற்று பார்த்துவிடும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

இனி நிறுவும் வேலைக்கு வருவோம். கிளையன்ட்டைத் திறந்ததும் சர்வர் முகவரி கேட்கும். கொடுத்தால் பிரவுசர் திறக்கும், அங்கே உள்நுழைந்து அனுமதி கொடுக்க வேண்டும். இதில் உங்கள் பாஸ்வேர்ட் கிளையன்ட்டிடம் போவதில்லை. அந்தக் கணினிக்கென்று தனியாக ஒரு செயலிக் கடவுச்சொல்லை சர்வர் உருவாக்கிக் கொடுக்கிறது. லேப்டாப் தொலைந்தால், பிரவுசரில் உங்கள் அமைப்புகளுக்குப் போய், பாதுகாப்புப் பக்கத்தில் இருக்கும் சாதனப் பட்டியலில் அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்தால் போதும். மற்ற கணினிகளும் போனும் வழக்கம்போல வேலை செய்யும்.

அடுத்து, கணினியில் எந்த ஃபோல்டர் என்று கேட்கும். அது காட்டும் புது ஃபோல்டரையே ஏற்றுக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பையோ டாக்குமென்ட்ஸையோ அப்படியே கொடுத்துவிட வேண்டாம். முக்கியமாக, ஏற்கெனவே ஒன்டிரைவ் அல்லது டிராப்பாக்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும் ஃபோல்டரைக் கொடுக்கவே கூடாது. இரண்டு கிளையன்ட்டுகள், இரண்டு நோட்டுகள், ஒரே ஃபோல்டர் என்றால் ஒன்று செய்ததை மற்றது மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைக் கொடுத்தால் இரண்டு வழி காட்டும்: உள்ளே இருப்பதை வைத்துக்கொள்வது, அல்லது அதை அழித்துவிட்டுச் சுத்தமாகத் தொடங்குவது. இரண்டாவதை, வேறு இடத்தில் பிரதி இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு மட்டும் அழுத்துங்கள்.

அப்புறம் வருவதுதான் சித்திக்கு அன்றைக்குத் தேவைப்பட்டிருந்த இடம். சர்வரில் இருக்கும் எல்லாம் லேப்டாப்பிலும் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதற்கு இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன.

ஒன்று, தேர்ந்தெடுத்து ஒத்திசைப்பது. அமைப்புகளில் சர்வரின் ஃபோல்டர்கள் மரம்போல விரியும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக் கட்டம் இருக்கும். 'பழைய வினாத்தாள்' கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டால், லேப்டாப்பிலிருந்து அந்த ஃபோல்டர் போய்விடும். சர்வரிலும் பள்ளியிலும் அப்படியே இருக்கும். லேப்டாப்பைப் பார்த்தால், டெலிட் அழுத்தினாலும் இப்படிச் செய்தாலும் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான், ஃபோல்டர் காணாமல் போயிருக்கும். ஆனால் டிக்கை எடுக்கும்போது "இந்தக் கணினிக்கு இது வேண்டாம்" என்று கிளையன்ட்டிடம் நேரடியாகச் சொல்லிவிடுகிறோம். அது அழித்ததாகக் கணக்கில் ஏறாது.

மற்றொன்று மெய்நிகர் கோப்புகள். விண்டோஸில் இது நன்றாக வேலை செய்கிறது. கோப்பின் பெயரும் அளவும் தெரியும், பக்கத்தில் சின்ன மேகக் குறி இருக்கும், உள்ளடக்கம் சர்வரில்தான். திறந்தால் அப்போது இறங்கும். வேலை முடிந்ததும் வலது கிளிக் செய்து 'இடத்தைக் காலிசெய்' என்ற பொருளில் இருக்கும் வரியை அழுத்தினால் மறுபடி மேகம் ஆகிவிடும். எப்போதும் கையில் வேண்டியவற்றை 'இந்தச் சாதனத்திலேயே வைத்திரு' என்று குறிக்கலாம். வசதிதான். ஆனால் இணையம் அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில் இருப்பவர்களுக்கு நான் டிக் கட்ட வழியைத்தான் சொல்வேன். கோப்பு இருப்பதுபோலத் தெரிந்து, வகுப்புக்குப் போய்த் திறக்கும்போது இறங்காமல் நிற்பது பெரிய அவஸ்தை. டிக் வைத்த ஃபோல்டர் என்றால் இருப்பது உறுதியாக இருக்கும், இல்லாதது கண்ணிலேயே படாது.

500 எம்பிக்கு மேல் பெரிதான புது ஃபோல்டர் யாராவது பகிர்ந்தால், கேட்காமல் இறக்காதே என்று ஓர் அமைப்பு இயல்பாகவே இருக்கும். அதை அப்படியே விடுங்கள். வலையமைப்புப் பகுதியில் ஏற்றும் வேகம், இறக்கும் வேகம் இரண்டுக்கும் வரம்பு வைக்கலாம். வீட்டில் ஒருவர் வீடியோ அழைப்பில் இருக்கும்போது உதவும். பெரிய கோப்புகள் துண்டுதுண்டாக ஏறும், கரண்ட் போய் வந்தால் விட்ட துண்டிலிருந்து தொடரும். புறக்கணிக்க வேண்டிய கோப்புகளின் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. வேர்டும் லிப்ரே ஆஃபிசும் ஆவணம் திறந்திருக்கும்போது உருவாக்கும் தற்காலிகக் கோப்புகள் அதில் முன்பே இருக்கும், அவற்றைத் தொட வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். டேலி கணக்கு ஃபோல்டர், அவுட்லுக்கின் அஞ்சல் கோப்பு மாதிரியானவற்றை ஒத்திசைக்கும் ஃபோல்டரில் வைக்காதீர்கள். அவை ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளங்கள். நெக்ஸ்ட்கிளவுட் கிளையன்ட், கோப்பில் மாறிய பகுதியை மட்டும் பிரித்து அனுப்புவதில்லை; ஒரு எழுத்து மாறினாலும் முழுக் கோப்பும் மறுபடி ஏறும். இரண்டு ஜிபி அஞ்சல் கோப்பு என்றால் நாள் முழுக்க அதுவே ஏறிக்கொண்டிருக்கும். அதைவிட மோசம், பாதி எழுதிய நிலையில் இருக்கும் தரவுத்தளம் இன்னொரு கணினிக்குப் போனால் அங்கே திறக்காமலே போகலாம்.

இனி மோதல். பள்ளியில் மாலை நான்கு மணிக்கு உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் 'காலாண்டு வினாத்தாள்' கோப்பில் மூன்றாம் கேள்வியை மாற்றிச் சேமிக்கிறார். அதே நேரம் சித்தி பஸ்ஸில், இணையம் இல்லாமல், அதே கோப்பில் ஏழாம் கேள்வியை மாற்றுகிறார். வீட்டுக்கு வந்ததும் கிளையன்ட் நோட்டைப் பார்க்கிறது. சர்வரில் இருப்பதும் நோட்டோடு ஒத்துப்போகவில்லை, லேப்டாப்பில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை. யாருடையது சரி என்று முடிவு செய்ய அதற்கு உரிமை இல்லை, அது முடிவு செய்வதும் இல்லை. சர்வரில் இருப்பதைப் பழைய பெயரிலேயே இறக்கி வைக்கும். சித்தி திருத்தியதற்கு, 'முரண்பட்ட பிரதி' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களையும் தேதியையும் நேரத்தையும் பெயரோடு சேர்த்துப் பக்கத்திலேயே வைக்கும். அந்தப் பிரதி இயல்பாக சர்வருக்குப் போகாது, சித்தியின் லேப்டாப்பிலேயே இருக்கும். இரண்டையும் திறந்து, ஏழாம் கேள்வியை எடுத்து முதல் கோப்பில் ஒட்டிவிட்டு, பிரதியை நீக்க வேண்டியது அவர் வேலை.

இந்த நீண்ட பெயரைப் பார்த்ததும் ஏதோ வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அழிக்காதீர்கள். உங்கள் உழைப்பு இருப்பது அதற்குள்தான்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது நீளம். லினக்ஸ் சர்வர்களில் பரவலாக இருக்கும் கோப்பமைப்புகள் ஒரு பெயருக்கு 255 பைட் வரை அனுமதிக்கின்றன. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் அகரமேறிய மெய்க்கு மூன்று பைட், அதன் மேல் புள்ளியோ காலோ கொம்போ வந்தால் இன்னொரு மூன்று. 'வினாத்தாள்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு 30 பைட். 'பத்தாம் வகுப்பு தமிழ் காலாண்டுத் தேர்வு மாதிரி வினாத்தாள் விடைக்குறிப்புடன்' என்று சித்தி பெயர் வைத்த கோப்பை எண்ணிப் பார்த்தேன். இடைவெளிகளும் வேர்டின் பின்னொட்டும் சேர்த்து 216 பைட். கடைசியில் 'திருத்தியது' என்று ஒரு சொல் சேர்த்தால் 250. விண்டோஸ் பைட்டை எண்ணுவதில்லை, குறியீடுகளை எண்ணும். அதன் கணக்கில் அந்தப் பெயர் நூறைக்கூட எட்டாது. அதனால் லேப்டாப்பில் தாராளமாகச் சேமிக்க முடியும் ஒரு பெயரை லினக்ஸ் சர்வர் ஏற்காமல் திருப்பிவிடும், கிளையன்ட்டில் சிவப்புக் குறி விழும். மோதல் வந்தால் கிளையன்ட் சேர்க்கும் சொற்களுக்கும் 36 பைட் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பெயரைச் சுருக்கி, விவரத்தை ஃபோல்டருக்குக் கொடுங்கள்: 'பத்து' என்று ஃபோல்டர், அதற்குள் 'காலாண்டு மாதிரி'.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'க'வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். அல்லது ஒற்றைக் கொம்பு ஒரு குறியீடு, கால் ஒரு குறியீடு என்று பிரித்துப் போடலாம். கோ, கௌ வரிசைகளுக்கும் இப்படித்தான். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. 2017க்கு முந்தைய மேக் கணினிகளின் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்துத்தான் சேமித்தது. அங்கே கட்டிய ஜிப் கோப்பை லினக்ஸில் பிரித்தால் பிரிந்த பெயர்களே வந்து சேரும். லினக்ஸ் இரண்டையும் வேறு வேறு பெயர்கள் என்றே பார்க்கும். 'கொங்கு வட்டாரச் சொற்கள்' என்று ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் ஒரே ஃபோல்டரில் நின்றால் காரணம் இதுவாக இருக்கலாம். இரண்டையும் திறந்து பார்த்து, வேண்டியதன் பெயரை முழுதாக அழித்துவிட்டு, மறுபடி உங்கள் விசைப்பலகையில் தட்டினால் சரியாகிவிடும்.

தமிழ், ஆங்கிலம் எதுவானாலும் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி, சாய்கோடு இவற்றைப் பெயரில் போட வேண்டாம். லினக்ஸ் இவற்றில் பலவற்றை ஏற்கும், விண்டோஸ் ஏற்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒத்திசைவு இருக்கிறதே, தனியாகக் காப்புப் பிரதி எதற்கு என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தவறு செய்தால் தவறும் எல்லா இடத்துக்கும் போகும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் உங்கள் லேப்டாப்பில் புகுந்தால், பூட்டிய கோப்புகளையும் 'திருத்தியவை' என்று கிளையன்ட் சர்வருக்கு ஏற்றும். சர்வரில் பழைய பதிப்புகளும் நீக்கப்பட்டவையும் கொஞ்ச நாள் இருக்கும். நீக்கியவை பொதுவாக 30 நாள். உங்களுக்கு ஒதுக்கிய இடம் நெருக்கினால் அதற்கு முன்பே காலியாகலாம். அதனால் மாதம் ஒருமுறை ஒரு வெளி வன்தட்டில் நகல் எடுத்து, வன்தட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். கழற்றி வைப்பது முக்கியம்.

பொங்கல் விடுமுறையில் சித்தி வீட்டுக்குப் போனபோது 'சோதனை' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, மூன்று கோப்புகளை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். முதலில் வைஃபையை அணைத்துவிட்டு லேப்டாப்பில் ஒரு வரி, என் போனிலிருந்து அதே கோப்பில் இன்னொரு வரி என்று மாற்றி, மோதலை நாமே வரவழைத்துப் பார்த்தோம். பிறகு ஒரு துணை ஃபோல்டரின் டிக்கை எடுத்தார், லேப்டாப்பில் போனது, பிரவுசரில் இருந்தது. கடைசியாக ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து டெலிட் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இது இப்ப ஸ்கூல்லயும் போயிடும்ல?" என்றார்.

"போயிடும் சித்தி."

அழுத்தினார். பிரவுசரில் 'நீக்கப்பட்டவை' பக்கத்தைத் தானே தேடித் திறந்து, மீட்டெடு என்பதை அழுத்திவிட்டு, லேப்டாப் ஃபோல்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நீல அம்புக்குறிகள் சுழன்று பச்சையானது. கோப்பு பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது.